தேமலா, படையா, அக்கியா? பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

ஓய்வுபெற்ற தொழுநோய்க் களப்பணியாளர், திருவண்ணாமலை:

வீடு வீடாகப் போய் "தேமல் இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால் முதுகில் இருக்கும். சாதாரணத் தேமலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி உதிரும். வெண்புள்ளி பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், அதிலுள்ள முடிகூட வெளுத்திருக்கலாம். நாங்கள் தேடிய தொழுநோய்த் தேமல் வேறு: கொஞ்சம் வெளிறியோ சிவந்தோ, அரிக்காமல் வலிக்காமல் கிடக்கும் தேமல்.

ஒரு கொத்தனாருக்கு முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. "அது பாட்டுக்கு இருக்கு சார், தொந்தரவே இல்லை" என்றார். அந்தத் தொந்தரவில்லாததுதான் எங்களுக்கு உறுத்தும். முதலில் அவர் பார்க்கும்போதே பால்பாயிண்ட் பேனா முனையால் நல்ல தோலில் தொட்டுக் காட்டினேன். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். சுற்றிலும் சரியாகக் காட்டினார். தேமலுக்குள் தொட்டபோது "எப்ப சார் தொடுவீங்க?" என்று கேட்டார். முழங்கைக்குப் பின்னால் சுண்டுவிரலுக்கு ஓடும் நரம்பும் தடித்திருந்தது. அவருக்கு அந்த ஒரு தேமல்தான். 5 வரை இருந்தால் கூட்டு மருந்து 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். அரசு மருத்துவமனையில் இலவசம். ஒன்று மட்டும்: முகத்தில் வரும் தேமலில் உணர்ச்சி இருக்கலாம், அதை வைத்து தொழுநோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

மருந்துக்கடை ஊழியர், மதுரை:

"படைக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று வராத நாளே கிடையாது. படர்தாமரை என்றால் ஓரம் சிவந்து மேடாக இருக்கும், நடுவில் தெளிந்துகொண்டே வட்டம் விரியும். ஸ்டீராய்டு கலந்த கிரீம் பூசியவர்களிடம் அந்த ஓரமே சரியாகத் தெரியாது. சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், பூஞ்சை பாட்டுக்குப் பரவும். ஒரு அக்காவுக்குத் தொடையில் வட்டத்துக்குள் வட்டம். "பூசினா போயிடுது தம்பி, நிறுத்தினா திரும்ப வந்துடுது" என்றார். தோல் டாக்டரிடம் போகும்போது காலி டியூப்பையும் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். அதில் குளோபெட்டசால் என்று ஒரு ஸ்டீராய்டின் பெயர் அச்சடித்திருந்தது. டாக்டருக்கு அந்த ஒரு வரி போதும்.

செவிலியர், தஞ்சாவூர்:

அக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் எரிச்சல், பிறகு கொத்துக் கொத்தாகக் கொப்புளம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். சின்னம்மை அப்படியில்லை, உடம்பெங்கும் இருக்கும்; புள்ளி, கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கம் மண்பானை செய்யும் வேளாரிடம் போய், கொப்புளத்தின் மேல் காவியால் அக்கி எழுதிக்கொண்டு அப்புறம்தான் வருவார்கள். காவிக்கு அடியில் எங்களுக்கு என்ன தெரியும்? நம்பிக்கை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.