டிஎல்சி பிளேட்ல களைக்கொல்லி பிடிச்ச அனுபவம் இருக்கா? இங்க சொல்லுங்க

லேப் அக்கா:
விஷ ஆய்வு செக்‌ஷன்ல பதினேழு வருஷமா இருக்கேன். பெரிய மெஷின் எல்லாம் வந்தாச்சு, ஆனா காலைல முதல் வேலை இன்னும் டிஎல்சி, அதாவது மெல்லிய அடுக்கு குரோமடோகிராஃபி பண்ற அந்த வெள்ளை சிலிக்கா பூசின கண்ணாடி பிளேட்தான். பென்சில்ல ஒரு கோடு, கேப்பிலரிங்கற மெல்லிய குழாயில ஒரு சொட்டு, டேங்க்ல ஹெக்ஸேன் அசிட்டோன் சால்வெண்ட், அது பிளேட்ல மேல ஏறும்போது ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு உயரத்துல நிக்கும், அரை மணி நேரத்துல எந்த வகை மருந்துன்னு திசை தெரிஞ்சிடும். என்னை ரொம்ப நாள் தூங்க விடாத ஒரு கேஸ முதல்ல சொல்றேன், அப்புறம் நீங்க எல்லாரும் உங்களோடத எழுதுங்க.

தோட்ட வேலைக்குப் போனவர், வெயில்ல தாகம், வரப்புல இருந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டார், யாரோ மருந்த அதுல ஊத்தி வச்சிருக்காங்க. மூணாம் நாள் போயிட்டார். பாட்டில் கிடைக்கல, ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ வயிறு கழுவின தண்ணியும், உப்புக் கரைசல்ல போட்ட உறுப்புகளும்தான் எங்ககிட்ட வந்துச்சு. நான் வழக்கம்போல மருந்த ஈதர்ல இழுத்து, மிச்சமான தண்ணி லேயர ஓரமா வச்சுட்டு, ஈதர வத்த வச்சு, பூச்சிமருந்து ஸ்டாண்டர்டுகளோட, அதாவது எதுன்னு தெரிஞ்ச சுத்தமான மாதிரிகளோட சேர்த்து பிளேட்ல ஏத்தினேன். ஒண்ணுமில்ல. மறுபடியும் ஏத்தினேன், ஒண்ணுமில்ல. "விஷம் இல்லை"ன்னு ரிப்போர்ட் எழுதுற நிலைமைக்கு வந்துட்டேன். அப்போ சீனியர் சார் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "தண்ணி லேயர எங்கம்மா வச்சிருக்க?"

நல்லவேளை கொட்டல. பாராகுவாட்னு ஒரு களைக்கொல்லி இருக்கே, அது ரெண்டு பாசிட்டிவ் சார்ஜ் சுமந்த உப்பு, ஈதர் பக்கமே வராது, தண்ணியிலயே உக்காந்துக்கும். அந்தத் தண்ணியில கொஞ்சம் எடுத்து காரமாக்கி, பாராகுவாட் இருந்தா நீலமாக்குற சோடியம் டைதயோனைட் பவுடர் ஒரு சிட்டிகை போட்டேன். டெஸ்ட் டியூப் அடியிலேர்ந்து நீலம் கிளம்பி மேல ஏறுச்சு, ஊதா இங்க் ஊத்தின மாதிரி. டியூப ஆட்டினா காத்து பட்டு நிறம் போயிடும், அதனால அசையாம பிடிச்சுக்கிட்டு நின்னேன், கை நடுங்குச்சு.

அப்புறமும் பிளேட்ல நிரூபிக்கணும்ல. ஹெக்ஸேன் அசிட்டோன்ல ஓட்டினா அது பென்சில் கோட்ட விட்டு நகரவே நகராது. மெத்தனால்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்து ஓட்டினோம், ஸ்பாட்டுக்கு நிறம் கொடுக்குற டிராகன்டார்ஃப் ரீஏஜென்ட் அடிச்சோம், ஸ்டாண்டர்டும் சாம்பிளும் பக்கத்து பக்கத்துல ஒரே உயரத்துல ஆரஞ்சு ஸ்பாட். அன்னைலேர்ந்து எந்த லேயரையும் ரிப்போர்ட் கையெழுத்தாகற வரைக்கும் கொட்டுறதில்ல.

ஜிஹெச் டெக்னீஷியன்:
அக்கா, அதே டைதயோனைட் எனக்கும் ஒரு பாடம் நடத்தியிருக்கு. யூரின்ல நேரா போட்டுப் பாக்குற டெஸ்ட் எங்க லேப்ல உண்டு. ஒரு ராத்திரி ஒரு பையன் வந்தான், இருபது வயசு இருக்கும், வாயெல்லாம் புண்ணு. நான் டெஸ்ட் போட்டேன், நிறம் வரல, நெகட்டிவ்னு எழுதிக் கொடுத்துட்டேன். காலைல வந்த டூட்டி டாக்டருக்கு மனசு ஒப்பல, டைதயோனைட் வேற பாட்டில் திறந்து மறுபடி போடச் சொன்னாங்க, போட்டா கரு நீலம். பழைய பாட்டில் மூடி லூசா இருந்து பவுடர் ஈரம் வாங்கி செத்துப் போயிருந்துச்சு, கட்டி கட்டியா இருந்தத அன்னைக்கு நான் கவனிச்சிருக்கணும். அந்தப் பையனோட அம்மா வராண்டாவுல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. இப்போ ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இன்னொரு டியூப், நார்மல் யூரின்ல ஒரு துளி பாராகுவாட் கலந்தது, அது நீலமானாதான் மத்தத நம்புவேன்.

லேப் அக்கா:
தம்பி, நீங்க இத எழுதினதுக்கு நன்றி. சீக்கிரம் தெரியறது ஏன் முக்கியம்னா, பாராகுவாட் நுரையீரல்ல போய் சேரும், அங்க ஆக்சிஜனோட சேர்ந்துதான் நாசம் பண்ணும், அதனால மூச்சு வாங்குதேன்னு உடனே ஆக்சிஜன் வச்சா சேதம் கூடும், ரொம்ப அவசியம்னாதான் டாக்டருங்க கொடுப்பாங்க. முறிவு மருந்தும் கிடையாது. கேரளாவுல 2011லயே தடை பண்ணாங்க, இலங்கையிலயும் படிப்படியா நிறுத்திட்டாங்க. இங்க இன்னும் கடையில 24 சதவீத கரைசல் கிடைக்குது. எனக்கு அது ஆறாத வருத்தம்.

அக்ரி ஸ்டூடண்ட்:
நான் எம்எஸ்சி பண்றேன், என்னோடது வயல் கதை. எங்க பெரியப்பாவுக்கு பெரம்பலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் பருத்தி. பூச்சிக்கு மருந்தடிச்ச ஒரு வாரத்துல இலையெல்லாம் குறுகி, நரம்பு நரம்பா நீண்டு, பாத்தா வெண்டை இலை மாதிரி ஆயிடுச்சு. அவர் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிட்டார், கலப்பட மருந்துன்னு. எனக்கு இலையப் பாத்ததுமே 2,4-டிங்கற களைக்கொல்லியா இருக்குமோன்னு தோணுச்சு, பருத்திக்கு அது ஆகவே ஆகாது, துளி பட்டாலும் இலை திரிஞ்சு போகும். விசாரிச்சா ஸ்ப்ரேயர் வாடகைக்கு எடுத்தது, அதுக்கு முந்தின நாள் பக்கத்து மக்காச்சோளத்துக்கு களைக்கொல்லி அடிச்சிருக்காங்க, சும்மா ஒரு தடவ அலசிட்டுக் கொடுத்துட்டாங்க.

டேங்க் அடியில, ஹோஸ்ல தங்கியிருந்த தண்ணிய ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு டிபார்ட்மெண்டுக்கு வந்தேன். அது ஆசிட் வகை மருந்து, அதனால சல்ஃபியூரிக் ஆசிட் விட்டு பிஹெச் ரெண்டுக்குக் கீழ இறக்கினாதான் ஈதருக்கு வரும். ஓட்டுற சால்வெண்ட்லயும் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் வேணும், முதல் பிளேட்ல அத விட்டுட்டேன், ஸ்பாட் வால் முளைச்சு கீழேர்ந்து மேல வரைக்கும் இழுத்துக்கிட்டே போயிடுச்சு. ரெண்டாவது பிளேட் சுத்தமா ஓடுச்சு. சில்வர் நைட்ரேட் அடிச்சு யூவி லேம்ப் கீழ வச்சேன், மெல்ல மெல்ல கறுத்துச்சு, ஸ்டாண்டர்டுக்கு நேரா ஸ்ப்ரேயர் தண்ணியிலயும் ஒரு கறுப்பு ஸ்பாட். கடையில வாங்கின பூச்சிமருந்து பாட்டில்ல மிச்சம் இருந்ததயும் ஏத்தியிருந்தேன், அந்த உயரத்துல ஒண்ணுமில்ல. பிளேட்டோட ஓரத்துல மட்டும் என் கட்டைவிரல் ரேகை வரி வரியா கறுப்பா வந்திருந்துச்சு, வேர்வை உப்புல இருக்கற குளோரைடு. அதுக்கப்புறம் சிலிக்கா மேல விரல் படாம பக்கவாட்டு விளிம்பப் பிடிச்சுத்தான் தூக்குறேன், க்ளவுஸ் போட்டாலும்.

பெரியப்பா கடைக்காரர்கிட்ட போய் வருத்தம் சொல்லிட்டு வந்தார். பருத்தி அந்த வருஷம் பாதிதான் தேறுச்சு.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
அருமைம்மா. கடை மருந்தயும் சேர்த்து ஏத்தின பாரு, அதான் சரியான ஆய்வு. நான் காலேஜ்ல பிஎஸ்சி பசங்களுக்கு ஒண்ணு செஞ்சு காட்டுவேன், அத சொல்லணும். மக்காச்சோளத்துக்கு அட்ரசின்னு ஒரு களைக்கொல்லி போடுறாங்க, அது மண்ணுல தங்கி அடுத்து போடுற உளுந்த அடிக்கும். அட்ரசின், டையூரான் மாதிரி மருந்துங்க இலையில ஒளிச்சேர்க்கைய நிறுத்திதான் களையக் கொல்லுது, அந்த வேலையவே பிளேட் மேல நடத்திக் காட்டலாம்.

மண்ண மெத்தனால்ல ஊற வச்சு இழுத்து, பிளேட்ல ஓட்டி, ஃபேன் கீழ வச்சு சால்வெண்ட் வாசம் துளியும் இல்லாம காய விடணும், இல்லன்னா அடுத்து அடிக்கிறது செத்துடும். அப்புறம் மார்க்கெட்ல வாங்கின பாலக்கீரைய ஐஸ்ல வச்ச பஃபர்ல சர்க்கரையோட அரைச்சு, துணியில வடிகட்டி, அந்தப் பச்சைச் சாறுல டிசிபிஐபின்னு ஒரு நீலச் சாயம் கலந்து பிளேட் பூரா ஸ்ப்ரே. வெளிச்சத்துல வச்சா கீரையோட குளோரோபிளாஸ்ட் சாயத்தோட நீலத்த தின்னுடும், பிளேட் பச்சையாகிக்கிட்டே வரும், களைக்கொல்லி இருக்கற இடத்துல மட்டும் அந்த வேலை நடக்காது, அங்க நீலம் அப்படியே நிக்கும். பச்சை வயல்ல நீலப் புள்ளி. முதல் தடவ பாத்தப்போ கடைசி பெஞ்சு பையன்கூட எழுந்து ஓடி வந்தான். ஆனா 2,4-டி, கிளைபோசேட் எல்லாம் இதுல தெரியாது, அதுங்க வேலை செய்யற வழி வேற.

லேப் அக்கா:
சார், கீரை டெஸ்ட் கேள்விப்பட்டிருக்கேன், செஞ்சதில்ல, இந்த வாரமே செஞ்சு பாக்குறேன். ஐப்பசி மழைல உங்களுக்கும் ஆர்எஃப், அதான் சால்வெண்ட் ஏறின உயரத்துல ஸ்பாட் எவ்வளவு பங்கு ஏறுச்சுங்கற கணக்கு, ஆடுதா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
ஆடாம? சிலிக்கா ஈரத்த உறிஞ்சிட்டா ஸ்பாட் வழக்கத்த விட மேல ஓடும். 110 டிகிரியில அரை மணி நேரம் ஓவன்ல வச்சு எடுத்தாலும், ஸ்பாட் வைக்கிறதுக்குள்ள மறுபடி ஈரம் வாங்கிடுது. அதான் புத்தகத்துல போட்ட ஆர்எஃப் நம்பர நான் நம்புறதே இல்ல, ஸ்டாண்டர்டு அதே பிளேட்ல இருந்தாதான் பேச்சு.

மக்காச்சோளம் ரெண்டு ஏக்கர்:
வாத்தியார் ஐயா, நான் படிக்காத ஆளு, எம்பையன்தான் இத டைப் பண்றான். போன வருஷம் சோளம் எடுத்துட்டு உளுந்து போட்டேன், முளைச்சு ரெண்டு இலையிலயே ஓரம் மஞ்சளாகி கருகிடுச்சு. மண்ணு கொண்டு வந்தா பாப்பீங்களா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கொண்டு வாங்க ஐயா. கருகின இடத்துல நாலஞ்சு பக்கம் மேல் மண்ணு எடுத்து ஒண்ணா கலந்து ஒரு பை, மருந்தே படாத வரப்போரத்துலயோ பக்கத்து தரிசுலயோ எடுத்தது தனியா இன்னொரு பை. உரச் சாக்குல மட்டும் கட்டாதீங்க, புது பிளாஸ்டிக் கவர் போதும். ரெண்டு கவர்லயும் எந்த இடம்னு பென்சில்ல ஒரு சீட்டு எழுதி உள்ள போட்டுடச் சொல்லுங்க பையன.