நான்ஸ்டிக் தோசைக்கல்: நடுவில் மட்டும் தோசை பிய்கிறது, ஏன்?

மாவுக்கரண்டி:
வாங்கி 8 மாதம், தினமும் தோசை. ஓரமெல்லாம் தானாகக் கிளம்பி வருகிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒட்டிப் பிய்கிறது. மரத் திருப்பிதான். கீறல் இல்லை, ஆனால் அந்த இடம் பழுப்பாக இருக்கிறது. கேஸ் அடுப்பு, சின்ன பர்னர். பூச்சு போய்விட்டதா?

அடுப்பங்கரை:
பழுப்பு என்றால் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான். எண்ணெய் மெல்லிசாகப் படர்ந்து திரும்பத் திரும்பக் காயும்போது வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். மாவு ஒட்டுவது அதன்மேல். வெள்ளையாக அலுமினியம் தெரிந்தால்தான் பூச்சு உரிந்ததாக அர்த்தம்.

2 ஸ்பூன் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஆறிய கல்லில் பூசி அரை மணி நேரம் விடுங்கள். வெந்நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, இன்னொரு முறையும் செய்யுங்கள். பூச்சில்லாத அடிப்பக்கத்தில் சோடா பட்டால் அலுமினியம் கறுக்கும். கம்பி நார் கூடவே கூடாது. ஸ்ப்ரே எண்ணெயா அடிக்கிறீர்கள்? அதில் சேர்க்கும் லெசித்தின்தான் இந்தப் பிசுக்கை வேகமாக உண்டாக்கும்.

கல்தோசை:
பிசுக்கு எடுத்தும் ஒட்டினால் சூட்டில் பூச்சு கெட்டிருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. டெஃப்லான் வகைப் பூச்சு 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். வெறுங்கல்லைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அதைத் தாண்டிவிடும். சின்ன பர்னரில் தீ முழுக்க நடுவில்தானே விழுகிறது! அகலமான பர்னருக்கு மாற்றி, மிதமான தீயில் காயவிடுங்கள். தெளித்த நீர் 'சுர்'ரென்று ஆவியானால் மாவை ஊற்றலாம். முத்து மாதிரி உருண்டு ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது. மாவும் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். அப்போது தீயைக் குறைத்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். குவளைத் தண்ணீரைக் கொட்டினால் மெல்லிய கல்லின் அடி வளைந்து, எண்ணெய் ஒரே பக்கம் ஓடும்.

வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்ப்பவர்கள் கவனிக்க: கீறுவது வெங்காயமல்ல, முள்.

மாவுக்கரண்டி:
உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால்?

கல்தோசை:
செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். அஞ்ச வேண்டியது புகைக்கு. வெறுங்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை, கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸைக் கொன்றே விடும். மனிதருக்கும் காய்ச்சல், நடுக்கம் வரலாம்.

பழையகல்:
தினமும் தோசை என்றால் பராமரித்தாலும் இரண்டு மூன்று வருடம் வந்தால் அதிகம். செராமிக் பூச்சு அதற்கும் முன்பே வழுவழுப்பை இழக்கும். தோசைக்குப் பழக்கிய இரும்புக்கல்லே மேல். ஆம்லெட்டுக்கு மட்டும் நான்ஸ்டிக். அடுக்கும்போது நடுவே துணி போடுங்கள்.