ஸ்வீடன், நார்வே, போலந்துக்குக் குழந்தையோடு வந்தவர்களுக்கு: சத்தச் சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

மொழி வகுப்பில் இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். நாய் எப்படிக் குரைக்கும், தண்ணீர் எப்படிச் சொட்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை இப்போதே பழகுங்கள், ஏனென்றால் பாலர் பள்ளியில் சேர்ந்த கொஞ்ச நாளில் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவது இவற்றைத்தான். ஸ்வீடனில் நாய் வோவ் வோவ், பன்றி நெஃப் நெஃப், சேவல் குக்கெலிகூ. டென்மார்க்கில் வாத்து ராப் ராப். போலந்தில் நாய் ஹவ் ஹவ், பன்றி ஹ்ரூம் ஹ்ரூம், தவளையோ கும் கும். பிள்ளை கும் கும் என்று குதித்தால் தவளை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் அது அழும்.

இதைவிட முக்கியம் இருமல். ராத்திரியில் பிள்ளை நாய் குரைப்பது போல இருமினால் மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு, ஸ்வீடனில் 1177-க்கும் நார்வேயில் 116117-க்கும் அழைப்போம், அப்போது நர்ஸ் கேட்பது பெரும்பாலும் சத்தத்தைப் பற்றித்தான். ஸ்வீடிஷில் அது 'ஷெல்லாண்டெ ஹுஸ்தா', அதாவது குரைக்கும் இருமல். போலிஷிலும் குரைக்கும் இருமல் என்றேதான் சொல்கிறார்கள். அடுத்து ஸ்வீடிஷில் 'பீபெர்' என்று காதில் விழுந்தால், நெஞ்சில் விசில் மாதிரி கீச்சென்று சத்தம் வருகிறதா என்று கேட்கிறார்கள். இலக்கணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், போனைப் பிள்ளையின் வாயருகே பிடியுங்கள், அல்லது நீங்களே இருமிக் காட்டுங்கள், அவர்களுக்குப் புரியும். மூச்சுவிடவே திணறினால் இந்தப் பேச்சே வேண்டாம், நேராக அவசர எண்தான்: ஸ்வீடன், டென்மார்க், போலந்தில் 112, நார்வேயில் 113.

வீட்டு விஷயத்திலும் இதே கதைதான். போலந்தில் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்கு 'க்ரான் காப்யே', அதாவது குழாய் சொட்டுகிறது, என்று இரண்டே சொல் அனுப்பினால் போதும், காப் காப் என்பது அவர்களுடைய சொட்டுச் சத்தம், வினைச்சொல்லும் அதோடு ஒட்டியதுதான். கதவு தட்டும் சத்தம் புக் புக், தட்டுவதற்கான வினைச்சொல்லும் அப்படியே அதோடு ஒட்டியதுதான். நம்முடைய சலசல சலசலப்பாகிறது இல்லையா, அந்த மாதிரி.

தும்மினால் போலந்தில் அப்ஷிக், பக்கத்தில் இருப்பவர் 'நா ஸ்ட்ரோவ்யே' என்பார், நாம் 'நூறு' என்று சொல்வதுபோல. ஸ்வீடனிலும் நார்வேயிலும் 'ப்ரூசிட்'.

அப்புறம், வட ஸ்வீடனில் ஊமியோ, லூலியோ பக்கம் வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே 'ஆமாம்' என்பதற்கு வாயைக் குவித்து 'ஷூப்' என்று காற்றை உள்ளே இழுப்பார்கள். அவருக்கு மூச்சு முட்டிவிட்டதோ என்று பேச்சை நிறுத்தாதீர்கள், சம்மதம் சொல்லிவிட்டார், தொடருங்கள்.