நாற்காலிப் பயிற்சியும் பழைய நினைவுகளும்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஓய்வு பெற்ற பிறகும் காலை நடையை நான் விடவில்லை. ஆனால் 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவோடு, 3 நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மனைவிக்கு முழங்கால் வலி. இருவரும் சேர்ந்து செய்ய, நாற்காலியைப் பிடித்தபடி செய்கிற பயிற்சி ஏதாவது தெரியுமா? யூடியூபில் சொல்லித் தருபவர்கள் எல்லாம் இளவட்டங்கள்!

அப்புறம் இன்னொன்று. நடக்கும்போதுதான் பிள்ளைகளின் சின்ன வயது நினைவுக்கு வருகிறது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயார் என்று மகள் வாசலில் நிற்பாள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துவிடுகிறது. பேசினால் தமிழில் எழுதித் தரும் வசதியைப் போனில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? இல்லை, பேரப்பிள்ளைகளுக்குக் குரலாகவே பதிந்து வைப்பது மேலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.