புதுப்பிப்பு: உள்ளூர் நிருபர்களின் புலனாய்வுக்குப் பணப்பரிசு

புலனாய்வு செய்யும் உள்ளூர் நிருபருக்குத் தரும் பரிசு பணமாக இருக்க வேண்டும், அதுவும் அவர் கைக்கே போக வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "பரிசு வந்தால் பத்திரிகை பிழைத்துவிடுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பிழைக்காது.

எரிக் ஐயர் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் கெஜட்-மெயில் என்ற உள்ளூர் நாளிதழின் நிருபர். மருந்து விநியோக நிறுவனங்கள் 6 ஆண்டுகளில் அந்தச் சிறிய மாநிலத்துக்குள் போதைக்கு அடிமையாக்கக்கூடிய 78 கோடி வலி நிவாரண மாத்திரைகளை இறக்கியதை வெளிக்கொண்டு வந்தார். வெறும் 392 பேர் வாழும் கெர்மிட் என்ற ஊருக்கு இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் மாத்திரைகள்! அந்தக் கணக்குகள் வெளியே வரவே பத்திரிகை நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. 2017-இல் அவருக்கு அமெரிக்க இதழியலின் மிக உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. 2018 ஜனவரியில் அதே நாளிதழ் திவால் மனு போட்டது.

புலிட்சரில் பெரும்பாலான பிரிவுகளுக்கு 15,000 டாலர். பொதுச்சேவைப் பிரிவுக்கு மட்டும் தங்கப் பதக்கம், அது நிறுவனத்துக்குப் போகும். ஒரு செய்தி அறையின் ஓராண்டுச் சம்பளத்துக்கு 15,000 எந்த மூலைக்கு? ஆனால் ஒரு தனி நிருபருக்கு அது பெரிய தொகை. அதனால்தான் அவர் கைக்கே என்கிறேன்.

அப்புறம், நண்பர் ஒருவர் சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன்: பரிசு, வேலை முடிந்தபிறகு வருவது. ஆவணம் கேட்கவும் வழக்கறிஞர் வைக்கவும் முன்கூட்டியே நிதி வேண்டும். பரிசு தருகிறவர்கள் அதில் ஒரு பங்கை அடுத்த விசாரணைக்கென்று தனியாக ஒதுக்கட்டும்.