டோய்ரா, கஞ்சிரா, பறை: இவ்வினத்துக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உஸ்பெகிஸ்தானின் தாளக் கலைஞர் உஸ்தா ஓலிம் கோமிலோவைப் (1875–1953) பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றை எழுதிவருகிறேன். ‘உஸ்தா’ என்பது அவருடைய பெயரின் பகுதியன்று. கைத்தொழிலில் தேர்ந்த ஆசானுக்கு அங்கே வழங்கும் அடைமொழி. அவருடைய கருவி, கையில் ஏந்தி விரல்களால் தட்டும் தோற்கருவியான டோய்ரா. 1935-இல் லண்டனில் நடந்த பன்னாட்டு நாட்டுப்புற நடன விழாவில் தமாரா கானும் ஆடியபோது உடன் வாசித்தவர் அவரே. தமாரா கானும், முகர்ரம் துர்குன்பாயெவா முதலிய புகழ்பெற்ற ஆடற்கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள். ஆகவே அவருடைய வாழ்க்கையை எழுதினால் வரிக்கு வரி கருவியின் பெயரும் வாசிப்பின் பெயரும் வந்து நிற்கின்றன.

என் சிக்கல் இரண்டு. ஆழம் குறைந்த மர வளையத்தில் ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்திய இத்தகைய கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் என்ன? ஓரிடத்தில் ‘சட்டக மேளம்’ என்று கண்டேன், மனம் ஒப்பவில்லை. அடுத்து, டோய்ரா வாசிப்பில் வரும் ‘உசூல்’ என்னும் தட்டு வரிசையைத் ‘தாளம்’ என்று எழுதிவிடலாமா?

– – –

வணக்கம் ஐயா.

‘சட்டக மேளம்’ வேண்டாம். சட்டகம் என்றதும் கதவு நிலையும் சுவரில் மாட்டிய படமும் நினைவுக்கு வருமேயன்றி, கையில் ஏந்தி விரலால் தட்டும் கருவி நினைவுக்கு வராது. அதைச் சுருக்கிச் ‘சட்ட மேளம்’ என்றால் நீதிமன்றத்துக்கே போய்விடும். மேளம் என்னும் சொல்லோ நம் காதில் தவிலோடும் நாகசுரத்தோடும் ஒட்டிக்கொண்டது.

நான் முன்வைப்பது ‘வளையப்பறை’. இந்த இனத்துக்கு அடையாளம் அதன் உடலின் ஆழம்தான். 1914-இல் வெளிவந்த ஹோர்ன்போஸ்டல்–சாக்ஸ் இசைக்கருவி வகைப்பாடு, உடலின் ஆழம் தோலின் ஆரத்தை மிஞ்சாத கருவிகளைத் தனி இனமாக வைக்கிறது. அதாவது உடல் என்று தனியே ஒரு குடமோ உருளையோ இல்லை. தோலை இழுத்துப் பிடிக்க ஒரு வளையம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ பெயரில் தெரிய வேண்டும். (இந்த அளவுகோலை விடாப்பிடியாகப் பிடித்தால், 18 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள கஞ்சிரா ஒன்று இனத்தை விட்டே வெளியேறிவிடும். கஞ்சிரா வித்வான்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.)

நீங்கள் எழுதும் கருவியின் பெயருக்கே பொருள் அதுதான். அரபு, பாரசீகம் வழியாக வந்த அச்சொல்லுக்கு ‘வட்டம்’ என்று பொருள். எங்கள் ஊர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் சகருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழுப்ப வரும் பக்கீர்சாவின் கையிலிருந்த கருவியைத் ‘தாயிரா’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்; அதுவும் இதே சொல். ஆகவே டோய்ரா நமக்கு முற்றிலும் அயலான பெயரன்று. தமிழிலும் தோற்கருவியின் பெயரில் ‘வளையம்’ நிற்பது புதிதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் தோற்கருவிகளில் ‘சந்திர வளையம்’ ஒன்று. அவர் பெயரைத் தருகிறாரேயன்றி உருவத்தை விளக்கவில்லை. எனவே அது இந்த இனம்தான் என்று நான் வாதிட மாட்டேன். சொல்லாக்கத்துக்கு முன்மாதிரியாக மட்டும் காட்டுகிறேன்.

‘பறை’ என்பதைப் பின்னொட்டாக வைக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். தயக்கத்தின் காரணம் சாதி என்றால், அதற்காகச் சொல்லைக் கைவிடுவது எனக்கு உடன்பாடன்று. பழந்தமிழில் பறை என்பது தோற்கருவிகளின் பொதுப்பெயர். அதே உரைப்பட்டியலில் கணப்பறை, சிறுபறை, நாழிகைப்பறை எல்லாம் வருகின்றன. இன்று நாம் பறை என்று வழங்கும் கருவியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே: மூன்று மரத்துண்டுகளைப் பூட்டி வட்டமாக்கி, ஒருபக்கம் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியது. டோய்ராவோடு அதற்குள்ள உறவு வடிவத்தோடு நிற்பதில்லை. பறைக் கலைஞர் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி ஒலியை ஏற்றுவது போலவே, டோய்ரா வாசிப்பவரும் தோலுக்குச் சூடு காட்டித்தான் அதை விறைப்பாக்குகிறார். கஞ்சிராக்காரர் செய்வது இதற்கு நேர்மாறு: உட்புறம் நீரைத் தடவித் தோலைத் தளர்த்திச் சுருதியை இறக்குகிறார்.

இனி உசூல். ‘தாளம்’ பிழையாகிவிடும். நம் தாளம் உள்ளங்கையில் எண்ணப்படுவது. ஆதி தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டிருக்கும்போது மிருதங்கத்தில் எந்தச் சொல் விழும் என்பதைத் தாளம் விதிப்பதில்லை. உசூல் அப்படியன்று. தோலின் நடுப்பக்கம் விழும் தாழ்ந்த ஒலிக்குப் ‘பும்’, விளிம்போரத்தில் விழும் உயர்ந்த ஒலிக்குப் ‘பக்’ என்று சொல்லிக்கொண்டு, அவையும் இடையிலுள்ள மௌனங்களும் எந்த வரிசையில் வர வேண்டும் என்று கட்டியதே உசூல். சஷ்மகோம் எனப்படும் செவ்விசையில் ஒரு பகுதிக்குரிய உசூலை டோய்ரா தொடக்கம் முதல் இறுதி வரை சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. தாளம் எண்ணிக்கை, உசூல் காதில் விழும் வாசிப்பு.

இதற்குத் தமிழில் புதுச்சொல் ஆக்கவே வேண்டியதில்லை. பறைக் கலைஞர்கள் ஒத்தையடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி என்று பெயரிட்டு வைத்திருப்பது இதைத்தான். உசூலை ‘அடி’ என்போம். அரபியில் உசூல் என்றால் ‘வேர்கள்’, ‘மூலங்கள்’. நம் ‘அடி’க்கும் தட்டு என்பதோடு அடிமரம், அடிப்படை என்ற பொருளும் உண்டு. இப்படி இரண்டு பக்கமும் பொருந்தி வருவது கலைச்சொல் வேலையில் எப்போதாவதுதான் வாய்க்கும்.

ஒரு சிறு திருத்தம். ‘டோய்ரா’ என்று எழுதாதீர்கள். உஸ்பெக் மொழியில் அந்த முதலெழுத்து நாக்கு நுனி பல்லைத் தொட்டுப் பிறப்பது. ஆங்கில எழுத்தின் வழியாகப் படிப்பதால்தான் நமக்கு அது ‘ட’ ஆகிவிடுகிறது. ‘தோய்ரா’ என்பதே நெருக்கமானது. ‘நகோரா’ என்னும் இரட்டை மண்முரசு வந்தால் தயங்காமல் ‘நகரா’ என்று எழுதுங்கள். அது நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது.

– – –

இருவருக்கும் வணக்கம்.

‘அடி’யை ஏற்கிறேன். ‘வளையப்பறை’யில் எனக்கு இரண்டு தடைகள். போர்ச்சுக்கல் நாட்டில் பெண்கள் வாசிக்கும் ‘அடூஃபே’ இதே இனம், ஆனால் சதுரமானது. ‘சதுர வளையப்பறை’ என்று எப்படி எழுதுவது? மேலும், தோய்ராவின் மரத்தின் உட்புறம் நெடுகச் சிறு சிறு உலோக வளையங்கள் தொங்குகின்றன. அசைத்தால் அவை கலகலக்கும். வளையப்பறை என்றதும் அந்த வளையங்களால் வந்த பெயர் என்றுதான் வாசகர் எண்ணுவார்.

– – –

அம்மா, இரண்டாவது தடை சரியானது, நான் கவனிக்கவில்லை. பொதுப்பெயரை மாற்றுவதைவிட உறுப்பின் பெயரை மாற்றிவிடுவது எளிது. அந்தச் சிறு வளையங்கள் ஒன்றோடொன்று கோக்காத சங்கிலித் துண்டுகள் போலத்தான் இருக்கின்றன. ஆதலால் அவற்றைக் ‘கண்ணி’ என்போம். சங்கிலிக் கண்ணி என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. கஞ்சிராவின் துளையில் கோத்திருப்பது காசு, தோய்ராவின் உட்புறம் தொங்குவது கண்ணி, குழப்பம் தீர்ந்தது.

முதல் தடைக்கு முழு விடை என்னிடம் இல்லை. எள் இல்லாத தேங்காய் எண்ணெயை நாம் ஏற்றுக்கொண்டது போல மூலையுள்ள வளையத்தையும் ஏற்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது சமாதானமே ஒழிய விடையன்று. அடூஃபேயில் இருபக்கமும் தோல் இருப்பதால் அதைத் தனிப் பிரிவாக்கிச் ‘சதுரப்பறை’ என்று எழுதுவதே நேர்மை. பெரும்பான்மைக்குப் பொருந்தும் பெயரை ஒரு விலக்குக்காக விட வேண்டாம்.

– – –

மிக்க நன்றி. கட்டுரையின் தொடக்கத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

“தோய்ரா, உஸ்பெக் மக்களின் வளையப்பறை. மர வளையத்தின் ஒருபக்கம் தோல் போர்த்தி, உட்புறம் உலோகக் கண்ணிகளைத் தொங்கவிட்டுச் செய்வது. இரு கை விரல்களாலும் வாசிக்கப்படும். உசூல் எனப்படும் அதன் அடிகளை ஆடற்கலைஞர்களுக்குக் கற்பித்தவர்களுள் உஸ்தா ஓலிம் கோமிலோவ் தலையாயவர்.”

‘அடிகளை’ என்று பன்மையில் வரும்போது மட்டும் இளங்கோவடிகள் எட்டிப் பார்க்கிறார். அதைத் தவிர்க்க, முதல் வரவில் ‘உசூல்’ என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியில் ‘கைரோக்’ வருகிறது: கைக்கு இரண்டாக நான்கு தட்டைக் கற்களைப் பிடித்துத் தட்டும் கருவி. அச்சொல்லுக்கு அங்கே சாணைக்கல் என்று பொருளாம். சிப்ளாக்கட்டையில் கட்டைக்குப் பதில் கல் என்பதால் ‘கற்சிப்ளா’ என்று எழுதிப் பார்த்தேன். நாக்கில் கல் மாட்டியது போல இருக்கிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.