11 மாதக் குழந்தை, ஏ.என்.சி. (ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை) 408: எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டுமா?

கேள்வி (சிறார்_ஓபி):
11 மாத ஆண் குழந்தை, எடை 9 கிலோ. இரண்டு தடவை காதில் சீழ், ஒரு தடவை தொடையில் கட்டி. மூன்றும் வாய்வழி ஆன்டிபயாட்டிக்கிலேயே ஆறிவிட்டன. டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளணு) 6,800. பாலிமார்ப் (நியூட்ரோபில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 6%, லிம்போசைட் 76%, மோனோசைட் 16%, ஈசினோஃபில் 2%. ஹீமோகுளோபின் 11, பிளேட்லெட் 3.4 லட்சம். நான்கு வாரம் கழித்து ஜுரம் எதுவும் இல்லாதபோது எடுத்ததில் ஏ.என்.சி. 434. ஈரல், மண்ணீரல் பெரிதாகவில்லை, வளர்ச்சியும் சரியாக இருக்கிறது. ஆட்டோஇம்யூன் நியூட்ரோபீனியா (உடலின் சொந்த ஆன்டிபாடியே நியூட்ரோபிலை அழித்துக் குறைப்பது) என்று வைத்துக்கொள்ளலாமா, மஜ்ஜையைப் பார்த்துவிடுவதா? ஆன்டிபாடி நெகட்டிவ் என்று வந்தால் என்ன முடிவுக்கு வருவது?

பதில் (ரத்தஅணு):
மஜ்ஜைக்கு இப்போது அவசரமில்லை. எண் 500-க்குக் கீழே இருந்தாலும் குழந்தையின் நடப்பு அந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை, கவனித்தீர்களா? பிறவியிலேயே வரும் கடும் நியூட்ரோபீனியாவில் எண்ணிக்கை பெரும்பாலும் 200-க்குக் கீழே கிடக்கும். தொப்புள் புண், நிமோனியா, ஆழமான சீழ்க்கட்டி என்று முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும். ஆட்டோஇம்யூனில் அணுக்கள் மஜ்ஜையில் உருவாகின்றன, வெளியே வந்தபின் அழிகின்றன. அதனால் தொற்று வந்தால் ஓரளவு சமாளித்துவிடுகிறது. கூடவே மோனோசைட் 16% இருப்பதும் இந்தப் படத்தோடு பொருந்துகிறது.

முதலில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடச் சொல்லுங்கள். பிறந்த வாரத்தில் மஞ்சள் காமாலைக்கோ வேறெதற்கோ எடுத்த சி.பி.சி. (முழு ரத்த அணு எண்ணிக்கை) இருந்து, அதில் நியூட்ரோபில் சரியாக இருந்தால், பிறவி நோய் என்ற சந்தேகம் பெருமளவு விலகிவிடும். பலரும் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்து, வாரம் இரண்டு முறை வீதம் 6 வாரம் சி.பி.சி. எடுத்தால் நியூட்ரோபில் ஏறி இறங்கும் 21 நாள் சுழற்சி உள்ளதா என்று தெரியும். எல்லாக் குழந்தைக்கும் இந்தக் குத்தல் தேவையில்லை. வாய்ப்புண்ணும் ஜுரமும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் செய்யுங்கள். பி12, ஃபோலேட், இம்யூனோகுளோபுலின் அளவுகள் ஒரு தடவை போதும். 3 மாதம் தாண்டியும் எண் குறைவாகவே இருந்தால்தான் நாள்பட்டது என்று பெயர்.

ஹீமோகுளோபினோ பிளேட்லெட்டோ சேர்ந்து குறைந்தால், ஸ்மியரில் (கண்ணாடியில் பூசிய ரத்தம்) பிளாஸ்ட் (முதிராத மூல அணு) தெரிந்தால், கடும் தொற்று வந்தால், அல்லது ஜி-சி.எஸ்.எஃப். (நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் ஊசி) நீண்ட நாள் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மஜ்ஜை எடுங்கள். ஆட்டோஇம்யூனில் மஜ்ஜை நிறைவாகவே இருக்கும். முதிர்ந்த நியூட்ரோபில் மட்டும் குறைவாகத் தெரியும். அணுக்களின் வளர்ச்சி புரோமைலோசைட் என்ற ஆரம்ப நிலையோடு நின்றுவிட்டால் அது வேறு கதை.

பதில் (ஸ்மியர்மேசை):
லேப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்ப்பது) உள்ள குழாயில் சில ரத்தங்களில் நியூட்ரோபில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைவாக எண்ணிவிடும். ஸ்மியரின் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுங்கள். இதைப் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் நோய்ப்பெயர் ஒட்ட வேண்டாம்.

ஆன்டிபாடி பெரும்பாலும் நியூட்ரோபில் மேலுள்ள ஹெச்.என்.ஏ.-1ஏ, 1பி என்ற அடையாளங்கள் மீதுதான் இருக்கும்; அளவும் குறைவு. குழந்தையின் சொந்த அணுக்களை வைத்துச் செய்யும் நேரடிச் சோதனைக்கு அணுவே போதாது. சீரத்தை வைத்துச் செய்யும் மறைமுகச் சோதனையில் ஜிஃப்ட்டும் (ஒளிரும் சாயத்தால் ஆன்டிபாடியைக் காட்டுவது) அக்ளுட்டினேஷனும் (அணுக்கள் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது) சேர்த்துச் செய்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். ஒரு நெகட்டிவ் எதையும் மறுக்காது. இரண்டு, மூன்று முறை செய்தபின் பாசிட்டிவ் ஆவதும் உண்டு. பாசிட்டிவுக்காகக் காத்திருந்து எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பெற்றோர் தொற்று வராமலிருக்க கோட்ரைமாக்ஸசோல் (ஆன்டிபயாட்டிக்) தினமும் கொடுக்கலாமா என்கிறார்கள். ஜுரத்துக்கு என்ன சொல்லி அனுப்புவது? ஜி-சி.எஸ்.எஃப். எப்போது?

பதில் (ரத்தஅணு):
தினசரி கோட்ரைமாக்ஸசோல் இந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்பேன். காது, தோல் தொற்று அடிக்கடி திரும்பினால் அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் தினமும் கொடுப்பவர்கள் உண்டு. அந்த மருந்தே நியூட்ரோபிலைக் குறைக்கும் என்பதை மறக்கக் கூடாது. கொடுத்தபின் எண் இறங்கினால் யாரைக் குற்றம் சொல்வது?

ஜி-சி.எஸ்.எஃப். எண்ணுக்காக அல்ல, கடும் தொற்றுக்கும் அறுவைக்கும்தான். இந்த நோயில் கிலோவுக்கு 1–2 மைக்ரோகிராமே பல சமயம் போதும். அதிகம் கொடுத்தால் எலும்பு வலி. 9 கிலோவுக்கு 2 வீதம் 18 மைக்ரோகிராம். 300 மைக்ரோகிராம் ஒரு மில்லி வயலில் அது 0.06 மில்லிதான். மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 6 கோடு. 40 யூனிட் சிரிஞ்சில் அதே 6 கோடு ஏற்றினால் 0.15 மில்லி, அதாவது 45 மைக்ரோகிராம் போய்விடும். சிரிஞ்சைக் கையில் எடுத்ததும் மூடியின் நிறத்தைப் பார்க்காமல் அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நீர்க்க வேண்டியிருந்தால் 5% டெக்ஸ்ட்ரோஸ் மட்டும். சலைனில் மருந்து திரிந்துவிடும்.

ஸ்டீராய்டு வேண்டாம். ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழி இம்யூனோகுளோபுலின்) கொடுத்தால் எண் சில நாள் ஏறும், பிறகு பழையபடி.

பதில் (வார்டுகுறிப்பு):
பெற்றோருக்குத் தாளில் எழுதிக் கொடுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் அன்றே மருத்துவமனை. பாராசிட்டமால் கொடுத்து மறுநாள் பார்ப்பது கூடாது. தெர்மாமீட்டர் அக்குளில், ஆசனவாயில் கூடாது. ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால், கிளிசரின், எனிமா எதுவும் வேண்டாம். அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போகும். பல் முளைக்கும் வயது, ஈறு வீங்குகிறதா என்று தினம் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான துணியால் பல்லைத் துடைத்துவிட வேண்டும்.

ஜுரத்தோடு வந்ததும் சி.பி.சி., பிளட் கல்ச்சர், உடனே செஃப்ட்ரையாக்ஸோன் கிலோவுக்கு 50–75 மி.கி. குழந்தை விளையாடிக்கொண்டிருந்து, மறுநாள் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் வீடு இருந்தால், கல்ச்சர் வரும்வரை வெளிநோயாளியாகவே பார்க்கலாம். சோர்வாக இருந்தாலோ கைகால் சில்லிட்டாலோ சேர்த்துவிடுங்கள், பிப்பராசிலின்-டாஸோபாக்டம் போல அகன்ற மருந்துக்கு மாறுங்கள்.

ஜுரத்தின்போது ஏ.என்.சி. 2,000-க்கு ஏறியிருந்தால் பெற்றோர் நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். போகவில்லை, தொற்றுக்காக மஜ்ஜை அவசரமாக அனுப்பியது அது. குணமானதா என்பதை ஜுரம் விட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

இம்யூனோகுளோபுலினும் லிம்போசைட்டும் சரியாக இருந்தால் எம்.எம்.ஆர். உட்பட தடுப்பூசி எதையும் நிறுத்த வேண்டாம். ஆரம்பத்தில் மாதம் ஒரு சி.பி.சி., நிலைத்தபின் மூன்று மாதத்துக்கு ஒன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு 4–5 வயதுக்குள் தானாக ஏறிவிடும். 5 வயது தாண்டியும் ஏறாவிட்டால், பின்னால் வேறு ஆட்டோஇம்யூன் நோய் உள்ளதா என்று அறிய ஏ.என்.ஏ., நேரடி கூம்ப்ஸ், இரட்டை நெகட்டிவ் டி-செல் மூன்றும் பார்க்க வேண்டிவரும்.